ரிப்போர்ட்டில் ‘லோக்கலி அட்வான்ஸ்டு’ என்று வந்தால்: உணவுக்குழாய்ப் புற்றுநோயும் சிகிச்சை வழிகளும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.)

நான் ஒரு புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர். உணவுக்குழாய், இரைப்பை, இதுதான் என்னோட தினசரி வேலை. இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். ஸ்கேன் ரிப்போர்ட்டோட கடைசி வரிகள்ல வர்ற ‘லோக்கலி அட்வான்ஸ்டு’ங்கிற சொல்.

இதைக் கேட்கிற உங்கள்ல பெரும்பாலானவங்க இருபதுகளில், முப்பதுகளில் இருக்கீங்க. இந்த நோய் உங்க வயசுல வர்றது அபூர்வம். ஆனா அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ வந்தா, ஃபைலைத் தூக்கிட்டு டாக்டர் ரூமுக்குள்ள வர்றது நீங்கதான். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுறதும் நீங்கதான். ‘அட்வான்ஸ்டு’ங்கிற சொல்லைப் பார்த்ததும் அந்த குரூப்ல ரெண்டு விதமான பதில் வரும். “முத்திப்போச்சுன்னு எழுதியிருக்காங்களே, இனி எதுக்கு அவரைக் கஷ்டப்படுத்தணும், வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க.” இது ஒண்ணு. “ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க, நாளைக்கே ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க.” இது இன்னொண்ணு.

ரெண்டும் பாசத்துல வர்ற பேச்சுதான். ஆனா ரெண்டுமே நோயாளிக்கு நல்லது செய்யாது. ஏன்னு சொல்றேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். முன்னால் மூச்சுக்குழாயும் இதயமும், ஒட்டினாற்போல் மகாதமனி, பின்னால் முதுகெலும்பு. நெருக்கடியான இடம். இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே ஒரு மெல்லிய உறை இருக்கும். உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அது கிடையாது. அதனால் உள்ளே வளரும் கட்டி சுவரைத் தாண்டி வெளியே வருவது எளிது. நிணநீர்ப் பாதைகளும் அந்தச் சுவரிலேயே நீளவாக்கில் ஓடுகின்றன. பக்கத்து நெறிக்கட்டிகளுக்கு நோய் சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தக் குழாய் நல்லா விரிஞ்சு கொடுக்கும். அதனால கட்டி ஓரளவு பெரிசாகிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. முதல்ல சப்பாத்தி, இட்லி மாதிரி கெட்டியானது நெஞ்சுல நிக்குது. ஒரு வாய்க்கு ஒரு மடக்கு தண்ணின்னு குடிச்சுக் குடிச்சுச் சாப்பிடுறாங்க. வீட்ல “கேஸா இருக்கும்”னு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். அப்புறம் குழைஞ்ச சோறு, அப்புறம் கஞ்சி. இதுக்குள்ள சட்டை தொளதொளன்னு ஆயிடுது. எங்ககிட்ட வரும்போது நிறைய பேருக்கு நோய் சுவரின் முழு ஆழத்துக்கும் பரவியிருக்கும், அல்லது பக்கத்து நெறிக்கட்டிகளைத் தொட்டிருக்கும். கல்லீரல், நுரையீரல், எலும்பு போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்காது. இந்த நடு நிலைக்குத்தான் ‘லோக்கலி அட்வான்ஸ்டு’ன்னு பேர். அந்த இடத்துல வளர்ந்திருக்கு, அந்த வட்டாரத்தைத் தாண்டலைன்னு அர்த்தம்.

இந்த நிலையில் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவது. எல்லாருக்கும் அது கைகூடும்னு நான் சொல்ல மாட்டேன், இது கடுமையான நோய். ஆனா குறி குணத்தை நோக்கித்தான். “வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க”ன்னு சொல்றவங்ககிட்ட நீங்க சொல்ல வேண்டியது இதுதான்.

முதல் ரெண்டு வாரம்

இப்போ அவசரப்படுறவங்க பக்கம் வருவோம். முதல் சில நாட்கள்ல நாங்க கத்தியை எடுக்க மாட்டோம். பரிசோதனைதான் நடக்கும். “இழுத்தடிக்கிறாங்க”ன்னு தோணும். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தெரிஞ்சா அந்தக் கோபம் குறையும்.

எண்டோஸ்கோப்பி கட்டி எங்கே இருக்கு, எவ்வளவு நீளம்னு காட்டும். அதிலேயே எடுக்கும் சதைத் துணுக்குதான் பயாப்ஸி. சிடி ஸ்கேனும் பெட் சிடி ஸ்கேனும் தூரத்து உறுப்புகளில் நோய் இருக்கான்னு பார்க்க. சிலருக்கு எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து, சுவரில் எத்தனை ஆழம் போயிருக்குன்னு பார்ப்பாங்க. கட்டி மூச்சுக்குழாய்க்குப் பக்கத்துல இருந்தா, அதுக்குள்ளேயும் கேமரா விட்டுப் பார்க்கணும். இதோட இதயம், நுரையீரல் சோதனைகள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிற செல் வகையை நல்லா பாருங்க, பாதை அங்கேதான் பிரியுது. ஒரு வகை ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. உணவுக்குழாயின் உட்பரப்பில் இருக்கும் தட்டையான செல்களில் தொடங்குவது. இந்தியாவில் அதிகம் பார்ப்பது இதுதான். புகையிலை, மது, வெற்றிலை பாக்கு மெல்லுவது ஆகியவற்றோடு இதுக்குத் தொடர்பு உண்டு. இன்னொன்று அடினோகார்சினோமா. சுரப்பிச் செல் வகை. பெரும்பாலும் குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையோடு சேருமிடத்தில் வரும். நீண்ட நாள் அமில எதுக்களிப்பு, உடற்பருமன் ஆகியவை இதன் காரணிகள். மேற்கு நாடுகளில் இதுதான் அதிகம்.

பேர் ஒண்ணு, நோய் ரெண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த சிகிச்சை உங்க அப்பாவுக்கு ஏன் கொடுக்கலைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரோட செல் வகையும் ஒண்ணான்னு பாருங்க.

ஏன் முதலில் ஆபரேஷன் இல்லை?

அறுவை சிகிச்சை செய்யும் நானே “இப்போ வேண்டாம், பொறுங்க”ன்னு சொன்னா, வீட்டுக்காரங்க என்னைச் சந்தேகமாப் பார்ப்பாங்க. அவங்களுக்கு நான் சொல்வது நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வின் கதை. அதன் பெயர் குரோஸ். 2012-ல் வெளிவந்தது. 366 நோயாளிகள். ஒரு பாதிக்கு நேரே அறுவை சிகிச்சை. இன்னொரு பாதிக்கு முதலில் ஐந்து வாரம் கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து: வாரம் ஒருமுறை பாக்ளிடாக்ஸல், கார்போபிளாட்டின் என்ற ரெண்டு மருந்து, 23 நாள் கதிர்வீச்சு. அதன்பின் அறுவை சிகிச்சை.

நேரே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 24 மாதம். முன்சிகிச்சை பெற்றவர்களில் அது சுமார் 49 மாதம். ஓரங்களில் ஒரு செல்கூட மிச்சமில்லாமல் கட்டியை முழுசா எடுக்க முடிந்தது முதல் குழுவில் 69 சதவீதம் பேருக்கு. இரண்டாவது குழுவில் 92 சதவீதம். முன்சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு, எடுத்த உறுப்பை மைக்ராஸ்கோப்பில் தேடியபோது உயிருள்ள புற்றுச் செல்லே இல்லை. ஸ்குவாமஸ் வகையில் இது கிட்டத்தட்ட பாதி. பத்து வருடம் கழித்தும் கணக்கெடுத்தார்கள். 38 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், நேரே ஆபரேஷன் செய்தவர்களில் 25 சதவீதம்.

காரணம் புரிஞ்சுக்கிறது கஷ்டமில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டியை நான் வெட்டி எடுக்கலாம். சுவரைத் தாண்டி நின்னுட்டிருக்கிற, நெறிக்கட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற செல்களைக் கத்தியால பிடிக்க முடியாது. மருந்தும் கதிரும் கட்டியைச் சுருக்கி, அந்தச் செல்களையும் அடிச்ச பிறகு நான் உள்ளே போனா, என் வேலை சுத்தமா முடியும்.

செல் வகைக்கு ஏற்ற வழி

ஸ்குவாமஸ் வகைக்கு, நம்ம ஊர் மையங்களில் பரவலாக நடப்பது இந்த குரோஸ் முறைதான். ஜப்பானில் வேறு மரபு. அங்கே கதிர்வீச்சு இல்லாமல் கீமோ மட்டும் கொடுத்து, பிறகு விரிவான அறுவை சிகிச்சை செய்வார்கள். 601 பேரைக் கொண்டு அவர்கள் செய்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. அதில் மூன்று மருந்து கீமோ பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் மூன்று ஆண்டு தாண்டி உயிரோடு இருந்தார்கள். இரண்டு மருந்து பெற்றவர்களில் 63 சதவீதம். ஆனால் மூன்று மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். பத்து கிலோ இளைத்து, கஞ்சியில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு அது சுலபமில்லை.

அடினோகார்சினோமா வகைக்குச் சமீபத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கு. ஜெர்மனியில் 438 பேரை வைத்து எசோபெக் என்ற ஆய்வு நடந்தது. குரோஸ் முறைக்கும், ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கூட்டுக்கும் நேரடிப் போட்டி. ஃப்ளாட் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ, ஆபரேஷனுக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று. கதிர்வீச்சு கிடையாது. முடிவு 2024-ல் அறிவிக்கப்பட்டது. ஃப்ளாட் பெற்றவர்களில் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 66 மாதம், குரோஸ் பெற்றவர்களில் 37 மாதம். அதனால் அடினோகார்சினோமா, உடம்பும் தாங்கும்னா, இப்போ ஃப்ளாட்தான் முதல் பேச்சு. தாங்காதவங்களுக்கு குரோஸ் முறை இன்னும் நல்ல வழிதான்.

ஆபரேஷனைத் தவிர்க்க முடியுமா?

எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. தயங்க வேண்டாம். சிலருக்கு முடியும்.

கட்டி கழுத்துப் பகுதியில் இருந்தால், அறுவை சிகிச்சையில் குரல்வளையையும் எடுக்க வேண்டி வரலாம். மூச்சுக்குழாயிலோ மகாதமனியிலோ ஊடுருவியிருந்தால் வெட்டவே முடியாது. இதயமோ நுரையீரலோ பெரிய ஆபரேஷனைத் தாங்காத நிலையும் உண்டு. இவர்களுக்கு கீமோ, கதிர்வீச்சு சேர்ந்ததே முழு சிகிச்சை. முன்சிகிச்சையைவிடக் கதிரின் அளவு சற்று கூட. 1990-களில் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கதிரும் கீமோவும் சேர்ந்து பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு வாழ்ந்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் ஒருவர்கூட ஐந்து ஆண்டைத் தொடவில்லை. “கீமோ வேண்டாம், கரண்ட் மட்டும் வைங்க”ன்னு கேட்கிறவங்க இதை ஒரு முறை யோசிக்கணும்.

இன்னொரு வழி இப்போதுதான் திறக்குது. முன்சிகிச்சை முடிஞ்சு, பல முறை தேடியும் கட்டி எங்கேயும் தெரியலைன்னா? அப்படிப்பட்ட 309 பேரை வைத்து நெதர்லாந்தில் சானோ என்ற ஆய்வு நடந்தது, 2025-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பிரிவினரைக் கண்காணித்து, கட்டி திரும்பினால் மட்டும் ஆபரேஷன். இரண்டு ஆண்டில் கண்காணிப்பில் இருந்தவர்களில் 74 சதவீதம், ஆபரேஷன் செய்தவர்களில் 71 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். கிட்டத்தட்ட சமம்.

ஆனா இதைக் கேட்டுட்டு “அப்பாவுக்குச் சரியாயிடுச்சு, சோறு இறங்குது, ஆபரேஷன் வேண்டாம்”னு முடிவெடுத்துடாதீங்க. சோறு இறங்குவதால் மட்டும் கட்டி போயிடுச்சுன்னு சொல்ல முடியாது. அந்த ஆய்வில் கண்காணிப்புன்னா சில மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, ஆழமான பயாப்ஸி, பெட் ஸ்கேன். திரும்பி வந்தா உடனே ஆபரேஷனுக்குத் தயாரா இருக்கணும். ஊருக்குப் போய் ஆறு மாசம் காணாமப் போறதுக்குப் பேர் கண்காணிப்பு இல்லை.

ஆபரேஷன் என்றால் என்ன நடக்கும்?

உணவுக்குழாயின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் வடிவில் தைத்து, மேலே இழுத்து நெஞ்சிலோ கழுத்திலோ இணைப்போம். பல மணி நேரம் ஆகும். துளை வழியாகவும் செய்யலாம், திறந்தும் செய்யலாம். முக்கியமான ஆபத்துகள் ரெண்டு: அந்த இணைப்பில் கசிவு, நுரையீரலில் தொற்று. குரோஸ் ஆய்வில் இரண்டு குழுவிலுமே ஆபரேஷனுக்குப் பின் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 4 சதவீதம். இதை மறைக்காமச் சொல்லணும்.

இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யும் இடங்களில் மரணம் குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். அதனால் “வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?”ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. என்கிட்டயும் கேட்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

எடுத்த உறுப்பின் பயாப்ஸி வர ஒரு வாரத்துக்கு மேல ஆகலாம். கீமோ, கதிர் ரெண்டும் முன்பே பெற்று, அதன்பிறகும் புற்றுச் செல் மிச்சம் இருந்திருந்தால், நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஓராண்டு கொடுப்பது ஒரு வழி. 2021-ல் வெளிவந்த ஆய்வில், நோய் திரும்பாமல் இருந்த காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமானது. மொத்த ஆயுளை நீட்டும் என்பது அதே அளவு உறுதியாக நிரூபணமாகவில்லை. விலையும் மிக அதிகம். வீட்டை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி, “இதனால அப்பாவுக்கு எவ்வளவு பலன் எதிர்பார்க்கிறீங்க?”ன்னு நேரடியாக் கேளுங்க. அது நியாயமான கேள்வி.

வீட்டில் உங்கள் கையில் இருப்பது

ஆபரேஷனுக்கு அவசரமில்லைன்னு சொன்னேன். சாப்பாட்டுக்கு அவசரம் இருக்கு. முதல் நாளிலிருந்தே. எடை குறைஞ்சுக்கிட்டே போனா கீமோவும் தாங்காது, தையலும் ஆறாது. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைங்க. முட்டை, பருப்பு, பால், தயிர், மீன், எது இறங்குதோ அதை அரைச்சோ கரைச்சோ, நாளைக்கு ஆறேழு முறை. அதுவும் இறங்கலைன்னா மூக்கு வழியாவோ சிறுகுடலுக்கு நேரடியாவோ குழாய் வைக்கலாம். “குழாய் வச்சுட்டாங்க, அவ்வளவுதான்”னு உறவுக்காரங்க அழுவாங்க. அந்தக் குழாய்தான் அவரைச் சிகிச்சைக்குத் தயார் பண்ணுது. ஒரே ஒரு எச்சரிக்கை: இரைப்பையில் துளை போட்டு வைக்கும் குழாயை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கேட்காமல் வைக்காதீங்க. புதுக் குழாய் தைக்க எங்களுக்கு அந்த இரைப்பைதான் துணி.

பீடி, சிகரெட், மதுவை இன்னைக்கே நிறுத்தணும். “இனி நிறுத்தி என்ன”ன்னு அவர் கேட்பார். நுரையீரலுக்காக. தினமும் நடக்கணும். மூணு பந்து இருக்கிற ஸ்பைரோமீட்டர் கொடுப்பாங்க. அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்கணும். நிறைய பேர் ஊதிட்டே இருப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுங்க. “அப்பவே சொன்னேன், குடிக்காதன்னு”ங்கிற பேச்சை மட்டும் இந்த மாசங்கள்ல விட்டுடுங்க. அவருக்கு அது தெரியும்.

பணம். தமிழ்நாட்டில் இருக்கீங்கன்னா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கு. அட்டை இருந்தா முதல் நாளே காட்டுங்க. எந்தெந்த சிகிச்சை அதில் வரும், எது வராதுன்னு மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

ஆபரேஷன் முடிஞ்ச பிறகு வாழ்க்கை கொஞ்சம் மாறும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. தலைப்பக்கம் உயர்த்தித்தான் தூங்கணும். இனிப்பு நிறைய சாப்பிட்டா படபடப்பும் வியர்வையும் வயிற்றோட்டமும் வரலாம். கல்யாண வீட்டுப் பந்தியில முழு இலைச் சாப்பாடு முடியாம போகலாம். ஆனா பந்தியில உட்காரலாம். என்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்ட சிலர் ஆறேழு வருஷம் கழிச்சும் செக்கப்புக்கு வர்றாங்க. வரும்போது கையில ஒரு சின்ன டிபன் பாக்ஸ் இருக்கும்.

கடைசியா ஒண்ணு. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்த நாலையும் போன்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. செல் வகை என்ன? தூரத்து உறுப்புகளில் இல்லைன்னு உறுதியாகிடுச்சா? அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்கள் மூணு பேரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தாங்களா? அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன வழி? மூணாவது கேள்விக்கு ‘இல்லை’ன்னு பதில் வந்தா, முதல் ஊசிக்கு முன்னாடியே இன்னொரு மையத்தில் கருத்துக் கேளுங்க. அதுக்காகச் செலவாகிற ஒரு வாரம் வீண் போகாது.

நான் பேசினது பொதுவான தகவல். உங்க வீட்டு ஆளுக்கு எது பொருந்தும்னு அவரைக் கையால தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்லணும். வீட்ல யாராவது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு முழுங்குறாங்கன்னா, கேஸ் மாத்திரையோட நிறுத்திடாம இந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிட்டுப் போங்க. சில நிமிஷ வேலைதான்.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.